மில் இடம் மாறுகிறது, ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள்: என்ன செய்வது?

கடிதத்தின் சுருக்கம்

தேவகோட்டை வட்டத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 44. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) ஃபிட்டர். சர்வீஸ் 19 வருடம் 8 மாதம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,400 ரூபாய், மற்ற படிகளையும் கூட்டினால் 17,600. மனைவி அதே மில்லில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் 6 வருடம் 3 மாதமாக ‘டெம்பரவரி’. நாள் சம்பளம் 480 ரூபாய். மில்லின் நேரடிப் பட்டியலில் 210 பேர், காண்ட்ராக்ட் ஆட்கள் 110 பேர்.

மூன்று மாதத்துக்குள் இயந்திரங்கள் எல்லாம் ஆந்திராவில் உள்ள புதிய யூனிட்டுக்குப் போகின்றன என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். அதன்பிறகு ஒவ்வொருவராக டைம் ஆபீசுக்குக் கூப்பிட்டு இரண்டு வழி சொல்கிறார்கள். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் எல்லாக் கணக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம். இல்லையென்றால் 15 நாளில் ஆந்திராவில் சேரவேண்டும். சேராதவர் தானாக வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். 40 பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

‘100 பேருக்கு மேல் வேலை செய்கிற மில்லை அரசு அனுமதி இல்லாமல் மூட முடியாது என்று சங்கத்தில் சொல்கிறார்கள். கம்பெனியை மூடவே இல்லை, இடம்தான் மாறுகிறது, நஷ்டஈடு கிடையாது என்கிறார் ஹெச்.ஆர். டெம்பரவரி என்பதால் என் மனைவிக்கு ஒன்றும் வராதாம். பி.எஃப். பணத்தை உடனே எடுக்காவிட்டால் போய்விடுமா? வருகிற பணத்தைப் போட்டுப் பலகாரக் கடை வைக்கலாம் என்கிறார் மச்சினர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எது சரி என்று சொல்லுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

ஹெச்.ஆர். நீட்டும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாக யோசித்து முடிவு செய்யலாம். இதில் அவசரப்பட்டால் மட்டும் திரும்பி வருவது கடினம். ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், வேலை பறிபோனவர் என்று உங்களை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வேலையை விட்டவர் என்றுதான் எல்லா அலுவலகத்திலும் பதிவாகும். வேலை பறிபோனவருக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு, நோட்டீஸ் சம்பளம் உண்டு, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் வேலையிழப்பு உதவித்தொகை உண்டு. தானாக விட்டவருக்கு இந்த மூன்றும் இல்லை. அவருக்கு மிஞ்சுவது கிராஜுவிட்டி (பணிக்கொடை), பி.எஃப்., பாக்கிச் சம்பளம், லீவு, போனஸ். இவை எந்தக் கையெழுத்தும் போடாமலே உங்களுக்கு வரவேண்டியவை.

இடம் மாறினாலும் அது மூடல்தான்

‘கம்பெனி மூடவில்லை’ என்று ஹெச்.ஆர். சொல்வது பாதி உண்மை. கம்பெனி மூடவில்லை, உங்கள் வேலையிடத்தை மூடுகிறார்கள். சட்டம் பார்ப்பது இரண்டாவதைத்தான். பழைய தொழில் தகராறுகள் சட்டமானாலும் சரி, அதன் இடத்தில் வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 2020 ஆனாலும் சரி, ‘மூடல்’ என்பதற்குச் சொல்லும் பொருள் ஒன்றுதான்: ஒரு வேலையிடத்தையோ அதன் ஒரு பகுதியையோ நிரந்தரமாக மூடுவது. அதே முதலாளி அதே இயந்திரத்தை வேறு மாநிலத்தில் ஓட்டினாலும், காரைக்குடியில் உள்ள இந்த வேலையிடம் நிரந்தரமாக மூடப்படுகிறது. ஆகவே புதிய தொகுப்பின் பிரிவு 75-இன்படி, ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு என்ன நோட்டீசும் இழப்பீடும் உண்டோ அதே அளவு உங்களுக்கும் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தை மூடுவதென்றால், காரணம் காட்டி 60 நாளுக்கு முன்பே அரசுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்கவும் வேண்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது அதற்கு ஈடாகாது. அப்படி ஒரு நோட்டீஸ் போயிருக்கிறதா என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

சங்கத்தில் சொன்ன 100 பேர் கணக்கு பழையது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 100 பேரோ அதற்கு மேலோ இருந்தால் மூடுவதற்கு அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இப்போது அந்த வரம்பு 300. அதுவும் கடந்த 12 மாதத்தில் ஒரு வேலை நாளுக்குச் சராசரியாக 300 பேர். உங்கள் மில்லில் நேரடிப் பட்டியல் 210 என்பதால், அனுமதி தேவையில்லை என்றுதான் நிர்வாகம் வாதிடும். காண்ட்ராக்ட் ஆட்களைச் சேர்த்தால் 320 ஆகிறதே என்று கேட்கலாம். காண்ட்ராக்டர் பெயரளவுக்கு மட்டும் இருந்து, லீவு கொடுப்பது, ஷிஃப்ட் போடுவது, திட்டுவது எல்லாம் மில்லின் மேஸ்திரியும் சூப்பர்வைசரும்தான் என்று நிரூபித்தால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஆனால் அது சாட்சியம் போட்டு வருடக்கணக்கில் நடத்தவேண்டிய வழக்கு. கோரிக்கையில் அதையும் ஒரு வரி சேர்த்து வையுங்கள்; அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 300-க்குக் கீழே உள்ள மில்லை மூடுவதை நீதிமன்றம் தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்க்க முடியாது. இழப்பீடு கொடுக்காமல் மூடினாலும் மூடல் செல்லாது என்று ஆகிவிடாது. பணத்தை வசூலிக்கும் உரிமைதான் உங்களுக்குக் கிடைக்கும். இயந்திரமும் நிலமும் கைமாறிய பிறகு வசூலிப்பது மிகவும் சிரமம். நாட்களை வீணாக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

‘நஷ்டத்தில்தானே போகிறோம்’ என்றும் அவர்கள் சொல்லலாம். முதலாளியின் கையை மீறிய, தவிர்க்கவே முடியாத காரணத்தால் மூடினால் இழப்பீட்டுக்கு 3 மாதச் சராசரிச் சம்பளம் என்று ஒரு உச்சவரம்பு இருக்கிறது. பண நெருக்கடி, நஷ்டம், விற்காத நூல் தேங்கிக் கிடப்பது, குத்தகை முடிந்தது ஆகியவை மட்டுமே காரணமானால் அந்த வரம்பு பொருந்தாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. மின்சாரமோ கூலியோ மலிவாகக் கிடைக்கிற இடத்துக்குப் போவது கையை மீறிய காரணமே ஆகாது.

உங்கள் கணக்கு

19 வருடம் 8 மாதம் என்பதை 20 வருடமாகவே எடுக்கவேண்டும். 6 மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு வருடமாகக் கணக்காகும்.

கிராஜுவிட்டி: 12,400-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 20 வருடத்தால் பெருக்கினால் 1,43,077 ரூபாய்.

மூடல் இழப்பீடு: வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு இங்கே 26-ஆல் வகுக்கும் முறை இல்லை; அரை மாதச் சம்பளம் என்றே எடுப்பார்கள். 6,200 ரூபாயை 20-ஆல் பெருக்கினால் 1,24,000.

நோட்டீஸ் சம்பளம்: ஒரு மாத நோட்டீஸ் எழுத்தில் கொடுக்காவிட்டால் 12,400.

மூன்றும் சேர்ந்து 2,79,477 ரூபாய். இதற்கு மேல் பாக்கிச் சம்பளம், எடுக்காத சம்பள லீவுக்கான பணம், இந்த வருடத்துக்கான போனஸ் (குறைந்தது 8.33 சதவீதம், கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உண்டு) தனியாக வரவேண்டும். அவர்கள் காட்டும் ஒன்றரை லட்சத்தில் கிராஜுவிட்டியைக் கழித்தால் 6,923 ரூபாய்தான் மிச்சம். 20 வருட வேலையை நீங்களாக விட்டுக்கொடுப்பதற்கு அவர்கள் வைக்கும் விலை அது.

சம்பளச் சீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். புதிய சட்டத்தில், வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், போன அளவு ‘சம்பளமாகவே’ கணக்கில் சேரும். உங்களுக்குப் படிகள் 5,200 மட்டும் என்பதால் மாற்றம் இல்லை. அடிப்படைச் சம்பளத்தை 5,000, 6,000 என்று குறைத்துக் காட்டி மற்றதைப் படியாகக் கொடுக்கும் பிரிவுகளில் உள்ளவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். அவர்களிடம் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் கொடுக்கவேண்டும். கிராஜுவிட்டியை 30 நாளுக்குள். பணம் வாங்கும்போது ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற அச்சடித்த ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள். பணத்தை மறுக்கவேண்டாம். கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட ‘என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று தேதியோடு எழுதி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுத விடமாட்டோம் என்றால், பணத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் மனைவிக்கு வரவேண்டியது

‘டெம்பரவரி’ என்ற பெயர் இங்கே எதையும் தீர்மானிக்காது. 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர் சர்வீஸ். சம்பளத்தோடு விட்ட வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் அந்த 240-இல் சேரும். தமிழ்நாட்டில் 1981-இலிருந்து இன்னொரு சட்டமும் இருக்கிறது: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி கொடுக்கவேண்டும். ஆறு வருடமாகக் கோன் வைண்டிங்கில் நிற்கும் ஒருவரை டெம்பரவரி என்று சொல்லி அனுப்பிவிட முடியாது.

நாள் சம்பளம் 480 என்றால் 15 நாளுக்கு 7,200. 6 வருடத்துக்குக் கிராஜுவிட்டி 43,200, இழப்பீடும் 43,200. ஆகமொத்தம் 86,400 ரூபாய், நோட்டீஸ் சம்பளம் தனி. (6 வருடத்துக்கு மேல் உள்ள 3 மாதம் 6 மாதத்தைத் தாண்டாததால் கணக்கில் வராது.)

சிக்கல் வருவது ஆதாரத்தில். மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேடு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. இடையிடையே ‘பிரேக்’ காட்டியிருக்கலாம். அதனால் இன்றைக்கே இ.எஸ்.ஐ. இணையதளத்தில் அவருடைய இன்ஷூரன்ஸ் எண்ணைப் போட்டுப் பங்களிப்பு விவரத்தை எடுத்துவிடுங்கள். எந்த மாதத்தில் எத்தனை நாளுக்குச் சம்பளம் என்று மாதவாரியாக அதில் இருக்கும். அதை எழுதி அனுப்பியதே நிர்வாகம்தான் என்பதால் பின்னால் மறுப்பது கடினம். பி.எஃப். பாஸ்புக்கையும் பதிவிறக்கி வையுங்கள். இரண்டிலும் பெயரே இல்லாவிட்டால், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம், டோக்கன், அடையாள அட்டை, ஷிஃப்ட் சீட்டு எதுவானாலும் உதவும்.

ஆந்திராவுக்குப் போவதா?

மாற்றல் ஆணை கையில் வந்தால், கம்பெனியின் பெயரை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். அதே கம்பெனியா, இல்லை ‘சகோதர நிறுவனம்’ என்று வேறு பெயரா? வேறு பெயர் என்றால் அது வேறு முதலாளி. சர்வீஸ் முறியாது, சம்பளமும் வேலை நிலைமையும் குறையாது, நாளை ஆட்குறைப்பு வந்தாலும் பழைய சர்வீசையும் சேர்த்து இழப்பீடு கொடுப்போம் என்று புதிய முதலாளி எழுத்தில் ஏற்காமல் நீங்கள் போய்ச் சேர்ந்தால், 20 வருடம் காற்றில் போய்விடும். இங்கே ராஜினாமா, அங்கே புதிய நியமனம் என்று வருகிற காகிதம் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

அதே கம்பெனிதான் என்றால் உங்கள் நியமன ஆணையையும் நிலையாணைகளையும் (மில்லின் வேலை விதிகள்) பாருங்கள். வேறு ஊருக்கு மாற்றலாம் என்ற வரி அதில் இல்லையென்றால் கட்டாயப்படுத்த முடியாது. இருந்தாலும்கூட, நீங்கள் சேர்ந்தபோது இல்லவே இல்லாத, வேறு மாநிலத்தில் இப்போது தொடங்கும் யூனிட்டுக்கு அது பொருந்துமா என்று கேள்வி எழுப்ப இடம் இருக்கிறது.

செய்யக்கூடாதது, பதில் சொல்லாமல் சும்மா இருப்பது. 15 நாள் கழித்து ‘தானாக வேலையை விட்டார்’ என்று எழுத அது வசதியாகப் போய்விடும். ஆணை வந்த மூன்று நான்கு நாளுக்குள் ஒப்புகையோடு கூடிய ஸ்பீடு போஸ்ட்டில் பதில் அனுப்புங்கள்: ‘நான் வேலையை விடவில்லை. இங்கே வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். புதிய இடத்தில் அடிப்படைச் சம்பளம், சர்வீஸ் தொடர்ச்சி, குடியிருப்பு, குடும்பத்தை அழைத்துப் போகும் செலவு, என் மனைவிக்கு வேலை ஆகியவை பற்றி எழுத்தில் தெரிவியுங்கள். வேலையிடத்தை மூடுவதானால் சட்டப்படியான இழப்பீட்டைக் கொடுங்கள்.’ இவ்வளவு போதும். ஷிஃப்டுக்கு வழக்கம்போல் போய் நில்லுங்கள். கேட்டில் தடுத்தால் அந்த நாளே அதைக் குறித்து இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

போவது நல்லதா என்று கேட்டால், சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்யவேண்டாம். மகளுக்குப் பிளஸ் டூ முடிகிற வரை குடும்பம் இங்கே இருக்கவேண்டும். இரண்டு வீட்டுச் செலவு, மனைவியின் வருமானம் நிற்பது இரண்டையும் கழித்தால் கையில் என்ன நிற்கும் என்று பாருங்கள். அதோடு, இங்கே ஒரு மில் போனால் அடுத்த மில் டவுன் பஸ் தூரத்தில் இல்லை. திண்டுக்கல், ராஜபாளையம் பக்கம் ஃபிட்டர் வேலை கிடைக்கும். ஆனால் பல மில்களில் காண்ட்ராக்டில்தான் எடுப்பார்கள். சர்வீஸ் தொடர்ச்சியையும் சம்பளத்தையும் எழுத்தில் உறுதியாகக் கொடுத்தால், ஆந்திரா யூனிட்டை ஒரேயடியாக ஒதுக்கவேண்டாம் என்பது என் கருத்து.

இ.எஸ்.ஐ., பி.எஃப்.

ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்று இ.எஸ்.ஐ.யில் ஒரு திட்டம் 2005-இலிருந்து இருக்கிறது. ஆலை மூடப்பட்டதாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனவர், குறைந்தது 2 வருடம் பங்களிப்புக் கட்டியிருந்தால், முதல் 12 மாதம் சராசரி நாள் சம்பளத்தில் 50 சதவீதமும், அடுத்த 12 மாதம் 25 சதவீதமும் உதவித்தொகை பெறலாம். அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமும் உண்டு. உங்கள் சராசரி நாள் சம்பளம் 580 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 290. 30 நாளுக்கு 8,700 ரூபாய். உங்கள் மனைவியின் பெயரில் இ.எஸ்.ஐ. இருந்தால் அவருக்கும் தனியாக உண்டு. தானாக விலகியவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. வேறு வேலை கிடைத்ததும் உதவித்தொகை நின்றுவிடும். வேலையை மறைத்து வாங்கினால் வம்பு.

பலருக்கு இது கைநழுவுவது ஒரு சின்ன இடத்தில். மாதப் பங்களிப்பை இணையத்தில் ஏற்றும்போது, பட்டியலிலிருந்து போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ‘ஆட்குறைப்பு’ என்று தனியாக ஒன்று அதில் இருக்கிறது, ‘வேலையை விட்டார்’ என்றும் ஒன்று இருக்கிறது. நிர்வாகம் இரண்டாவதை அழுத்திவிட்டால், பிறகு உங்கள் மனுவோடு அந்தப் பதிவு மோதும். அதனால் மூடல் காரணமாக வேலை முடிகிறது என்று நிர்வாகம் கொடுக்கும் கடிதம் கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு இப்போதே கூட்டாகப் போய் விண்ணப்பப் படிவத்தையும் தேவையான சான்றுகளையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பி.எஃப். பணம் எங்கும் போகாது. 58 வயது வரை வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். அவசரத்துக்கு ஒரு பகுதியை எடுக்க வழி இருக்கிறது. முழுவதையும் துடைத்து எடுக்க அவசரம் வேண்டாம். பென்ஷன் கணக்கு அதிலிருந்து வேறு. 10 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் உங்களுக்கு அதை மொத்தமாக எடுக்கும் வழி கிடையாது. 58 வயதில் மாத பென்ஷன் வரும். 50 வயதுக்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம் என்றாலும், ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். உங்கள் மனைவிக்கு 10 வருடம் ஆகவில்லை. மறுபடி வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் பென்ஷன் பணத்தை எடுக்காமல் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்; அந்த 6 வருடம் அடுத்த வேலையோடு சேரும். அடுத்து எங்கே சேர்ந்தாலும் இருவரும் பி.எஃப்.க்கான பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுங்கள். நிர்வாகம் விலகிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு வந்து 2 மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. மூலம் நீங்களே பதிந்துகொள்ளலாம். பெயர், பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று மில் கேட் திறந்திருக்கும்போதே பாருங்கள். அப்பா பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால்கூட, மூடிய மில்லின் கையெழுத்துக்கு ஆள் தேடி அலையவேண்டி வரும்.

மனு எப்போது, எங்கே

இயந்திரம் லாரியில் ஏறுவதற்கு முன்பே தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு போய்விடவேண்டும். சங்கம் மூலமாகப் போடுவது நல்லது. சமரசம் நடக்கும் காலத்தில் அந்தத் தகராறு சம்பந்தமான வேலை நிலைமைகளை நிர்வாகம் தன்னிஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பது உங்களுக்கு ஒரு பிடி. மனுவில் நான்கு விஷயம் இருக்கட்டும்: 60 நாள் நோட்டீஸ் கொடுத்தார்களா, ஒவ்வொருவரின் சர்வீஸ், சம்பளம், வரவேண்டிய தொகை என்ற பட்டியல், கட்டாய ராஜினாமாக்களை ரத்து செய்யவேண்டும், இழப்பீட்டுத் தொகைக்கு உத்தரவாதம் தராமல் இயந்திரங்களை எடுக்கக்கூடாது. பட்டியலை நீங்களே நோட்டில் போட்டு டைப் செய்து கொண்டுபோங்கள். தொகை எழுதாத மனுவோடு போனால், பேச்சுவார்த்தை நிர்வாகம் சொல்லும் தொகையில்தான் தொடங்கும்.

ஒப்பந்தம் போட்டால் சமரச அலுவலர் முன்னிலையில் போடுங்கள். பழைய சட்டத்தின் பிரிவு 12(3)-ஐ வைத்து ‘பன்னிரண்டு மூணு’ என்று நம் ஆட்கள் சொல்லிப் பழகிய வகை ஒப்பந்தம் அது. சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் பலம் அதேதான். சங்கத்தில் இல்லாதவரையும் அது கட்டுப்படுத்தும், அவருக்கும் பலன் தரும். பேரம் பேசும்போது வருடத்துக்கு 15 நாளோடு நிற்கவேண்டியதில்லை. அது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். சீக்கிரம் இடத்தைக் காலி செய்யவேண்டிய அவசரம் நிர்வாகத்துக்கு இருப்பதால் 25, 30 நாள் என்று கேட்க இடம் உண்டு. ஆட்குறைப்பு செய்யப்படுபவருக்கு மறுதிறன் பயிற்சி நிதியாகச் சட்டம் சொல்லும் கூடுதல் 15 நாள் சம்பளத்தையும் கேளுங்கள். மூடலுக்கு அது பொருந்தாது என்று நிர்வாகம் சொல்லும். ஒப்பந்தத்தில் எழுதி வாங்க அது தடையாகாது.

சமரசம் 45 நாளில் முடியவேண்டும். உடன்பாடு வராவிட்டால், சமரச அலுவலரின் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் நேரே தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அரசு அனுப்பி வைக்கும் வரை காத்திருந்த பழைய முறை இப்போது இல்லை. 2 வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் சமரச அலுவலரே எடுக்கமுடியாது. கிராஜுவிட்டிக்கு மட்டும் தனி மனு, தனி அதிகாரி.

லாரியை மறிப்பதும் கேட்டைப் பூட்டுவதும் வேண்டாம். கோபம் புரிகிறது, ஆனால் கிரிமினல் வழக்கு வந்துவிட்டால் பேச்சு முழுக்க அந்த வழக்கைப் பற்றியே ஆகிவிடும். முன் நோட்டீஸ் இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்து ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தாலும் புதிய சட்டத்தில் அது வேலைநிறுத்தம்தான்.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், எந்தப் பெண்ணுக்கும், வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்; 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

கையெழுத்துப் போட்ட 40 பேர்

ராஜினாமா நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்னால், அதை நிர்வாகம் ஏற்பதற்கு முன்னால், திரும்பப் பெறலாம். ‘மில் இடம் மாறுகிறது, கையெழுத்துப் போடாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று சொல்லி வாங்கியது, திரும்பப் பெறுகிறேன்’ என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக இன்றைக்கே ஸ்பீடு போஸ்ட் அனுப்பட்டும், நகல் சமரச அலுவலருக்கு. ஒரே வாரத்தில் 40 பேருக்கு ஒரே வாசகத்தில் ‘சொந்தக் காரணம்’ வந்தது என்பதே வற்புறுத்தலுக்கு நல்ல சாட்சி. பணம் வாங்கி முடித்தவர்களுக்கு வழி குறுகலாகிவிடுகிறது. அவர்களும் கிராஜுவிட்டி குறைவாக வந்திருக்கிறதா என்று மட்டுமாவது கணக்குப் பார்க்கட்டும்; அந்த உரிமையை எழுதிக் கொடுத்தாலும் பறிக்க முடியாது.

பலகாரக் கடை

உங்கள் மச்சினர் சொல்வது தவறான யோசனை இல்லை. செட்டிநாட்டுப் பலகாரத்துக்கு வெளியூரிலும் கேட்பு இருக்கிறது. ஆனால் தேன்குழலும் சீப்புச் சீடையும் மனகோலமும் பெரிய அளவில் போவது கல்யாண ஆர்டரில்தான். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. வாடகை, கூலி, எண்ணெய்ச் செலவு நிற்காது. இழப்பீட்டுப் பணத்தை முன்பணம், கடை அலங்காரம் என்று முதல் மாதத்திலேயே போட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்தே, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்புப் பதிவோடு, ஒரு முகூர்த்தக் காலம் ஆர்டர் எடுத்துச் செய்து பாருங்கள். ஒரு கிலோவுக்கு அரிசி, உளுந்து, எண்ணெய், எரிவாயு, கூலி, உடைசல் எல்லாம் போக என்ன நிற்கிறது என்று நோட்டில் வரட்டும்.

பெருக்கவேண்டும் என்று தோன்றினால் சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) கடன் பற்றிக் கேளுங்கள். கிராமப் பகுதியில் பெண் பெயரில் விண்ணப்பித்தால் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மானியம் கையில் வராது. வங்கியில் 3 வருடம் டெபாசிட்டாக நின்று, தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட தொழிலுக்கு இந்தக் கடன் இல்லை என்பதால், சோதனை ஓட்டத்தைச் சிறிதாகவே வைத்து, பெரிய இயந்திரம் வாங்குவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

பணம் வந்ததும் முதலில் அடகில் உள்ள நகை ஏதும் இருந்தால் அதை மீட்டு, 6 மாதக் குடும்பச் செலவைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மகளின் கல்லூரிக் கட்டணத்தை ஒதுக்கி, மிச்சத்தில் மட்டும் தொழிலைப் பற்றி யோசியுங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவம் நிற்கும் காலத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வேண்டும். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பதாகச் சான்று தேவை. இருவருக்கும் சம்பளம் நின்ற பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் நிலைமையைச் சொல்லி, இ-சேவை மையம் மூலம் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.

கடைசி நாளில் சர்வீஸ் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். ‘ஃபிட்டர், 20 வருடம்’ என்று மொட்டையாக வேண்டாம். எந்தத் தயாரிப்பு ரிங் ஃப்ரேம், எத்தனை ஸ்பிண்டில், டிராஃப்டிங் செட்டிங், பேரிங் மாற்றுவது, ஓவர்ஹாலிங் என்று செய்த வேலைகளை எழுதச் சொல்லுங்கள். ஐ.டி.ஐ. சான்று இல்லாத ஃபிட்டருக்கு வேறு மில்லிலோ, அரிசி ஆலையிலோ, பெரிய ஹோட்டலின் பராமரிப்புப் பிரிவிலோ சம்பளம் பேசும்போது கையில் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். அதில் கையெழுத்துப் போடவேண்டிய மேனேஜர் புதிய யூனிட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.